ஊட்டி அப்பர் பஜார் வீட்டுக்கு அம்மா திரும்பிப் போக ஆசைப்படுகிறார், அங்கே இன்னும் குடும்பங்கள் இருக்கின்றனவா?

படிக்கட்டு வீடு:

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டியில் இப்போது இருப்பவர்கள், முன்பு இருந்தவர்கள் யார் பதில் சொன்னாலும் பெரிய உதவியாக இருக்கும்.

நான் பிறந்து வளர்ந்தது அப்பர் பஜாரில், மார்க்கெட்டுக்கு மேலே ஏறும் ஒரு படிக்கட்டுச் சந்தில். 1996-ல் கல்யாணமாகி கோவைக்கு வந்துவிட்டேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் அப்பா அம்மா இருவரையும் இங்கேயே கூட்டி வந்துவிட்டோம், அது ஆயிற்று ஐந்து வருடம். போன வருடம் அப்பா தவறிவிட்டார். வீடு பூட்டியே கிடக்கிறது. தகரக் கூரை, மேலே மரப்பலகைத் தளம் போட்ட இரண்டு அறை, கீழே ஒரு கூடம், சமையலறை, பின்னால் ஒரு சின்ன அறை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டுவிட்டு வருவோம்.

இப்போது ஒரு புரோக்கர் விடாமல் போன் செய்கிறார். விலை நல்ல விலைதான். வாங்குகிறவர் இடித்துவிட்டு காட்டேஜ் கட்டப் போகிறாராம். தம்பிக்கு விற்றுவிடலாம் என்று எண்ணம். அவன் சொல்வதிலும் தப்பில்லை, வருடா வருடம் அந்தக் கூரையை யார் பார்ப்பது. ஆனால் அம்மாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. "நான் போய் அங்கேயே இருந்துக்கிறேனே" என்று மட்டும் சொன்னார். அவருக்கு 74 வயது. இங்கே நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி அபார்ட்மெண்ட். எதிர்வீட்டில் யார் என்று எனக்கே சரியாகத் தெரியாது. "அங்கேன்னா காப்பித்தூள் தீர்ந்தா டம்ளரைத் தூக்கிட்டு பக்கத்து வீட்டுக்குப் போவேன், இங்கே லிஃப்ட்ல இறங்கி எங்கே போறது" என்கிறார்.

எனக்கு அந்தச் சந்து கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மொத்தம் 42 படி. 17-ஆவது படியில் தெருக்குழாய். காலையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவோம், தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் புஸ்ஸென்று காற்று வரும், அந்தச் சத்தம் கேட்டதும் சந்து முழுக்கக் கதவு திறக்கும். டிசம்பர், ஜனவரியில் பனி விழுந்து குழாய் வாய் உறைந்துவிடும். பாட்டி ஒரு சொம்பு வெந்நீரை மெல்ல ஊற்றிக்கொண்டே இருப்பார், ஐஸ் விட்டுக் கொடுக்கும்போது ஒரு டக் சத்தம் வரும், நாங்கள் பிள்ளைகள் அதற்காகவே குளிரில் நிற்போம். சாயந்திரம் நாலு மணிக்கு மேல் மேகம் மார்க்கெட்டிலிருந்து படியேறி வரும். அதோடு ஈரச் சாக்கு வாசனை, காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை. ஏப்ரலில் மாரியம்மன் தேர் வரும்போது அம்மா முறத்தில் கல்லுப்பு எடுத்துக்கொண்டு எங்களைக் கீழே கூட்டிப்போவார், தேர் மேல் உப்பை வீசிவிட்டு, கையை நக்கிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன்.

சரி, என் கேள்விகள். அந்தப் பக்கத்தில் இப்போது யார் குடியிருக்கிறார்கள்? வயதானவர் தனியாக இருக்க முடியுமா? தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் எப்படி? மார்க்கெட்டை இடித்துக் கட்டுகிறார்கள் என்று படித்தேன், அதனால் ஊருக்கு நல்லது நடக்குமா? நம்பிக்கை இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.


மார்க்கெட் மளிகை:

தங்கச்சி, நீங்கள் சொன்ன 17-ஆவது படிக் குழாய் எனக்குத் தெரியும். என் கடைப் பையன்கள் டீக்கு அங்கேதான் தண்ணீர் பிடிப்பார்கள். உங்கள் அப்பா யாராக இருக்கும் என்றுகூட ஒரு யூகம் இருக்கிறது, பொதுவில் பெயர் வேண்டாம்.

எனக்கு 66 வயது. மார்க்கெட்டில் மளிகைக் கடை, தாத்தா காலத்திலிருந்து. அவர் அவிநாசிப் பக்கத்திலிருந்து மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து மலை ரயிலில் ஏறி வந்தவர். 1899-ல் குன்னூர் வரைக்கும் வந்த ரயில் ஊட்டிக்கு வந்து சேர 1908 ஆயிற்று, அதற்கு முன்னால் அரிசி பருப்பெல்லாம் குன்னூரிலிருந்து மாட்டு வண்டியில்தான் வரும் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த ஊரின் கதையைச் சொல்கிறவர்கள் வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவன், அவர் கட்டிய ஸ்டோன் ஹவுஸ், ஏரி என்று ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் உண்மைதான். எங்களுக்கு ஊர் என்றால் செவ்வாய்ச் சந்தை. நீங்கள் உப்பு வீசிய அம்மனுக்கே சந்தைக்கடை மாரியம்மன் என்றுதானே பெயர். அந்தத் திருவிழாவில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு நாள் உபயம், மார்க்கெட்டில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் எப்படிக் கலந்து இருந்தோமோ அதே மாதிரிதான் அதுவும்.

எங்கள் பழைய கடைக்கு ஷட்டர் கிடையாது, பலகைதான். 11 பலகை. ஒவ்வொன்றின் பின்பக்கமும் தாத்தா உளியால் எண் செதுக்கி வைத்திருந்தார். வரிசை மாறாமல் சொருகிக்கொண்டே வந்து கடைசிப் பலகையில் இரும்புப் பட்டை போட்டுப் பூட்ட வேண்டும். ஜூன், ஜூலை மழையில் 7-ஆம் எண் ஊதிக்கொண்டு பள்ளத்தில் இறங்காது, கடையை அடைப்பதற்குள் தோள் கழன்றுவிடும். இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அந்த 11 பலகையையும் வண்டி வைத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். என் மனைவி எதற்கு என்று கேட்டாள், பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது கடைகளை ஊருக்குள்ளேயே ஏ.டி.சி. என்கிற இடத்துப் பக்கம் தற்காலிகமாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், தகரக் கொட்டகைதான். வியாபாரம் முன்பு மாதிரி இல்லை. ஆனால் அதற்குக் கொட்டகை மட்டும் காரணம் இல்லை, இது முப்பது வருடமாக நடந்து வருகிறது. எங்கள் கடையில் ஒரு நோட்டு உண்டு, மாதக் கணக்குக்காரர்கள் நோட்டு. அப்பா காலத்தில் 140 வீடு அதில் இருக்கும். அப்பர் பஜார், லோயர் பஜார், ஸ்டோன் ஹவுஸ் மேடு, ஹாஸ்பிடல் ரோடு என்று ஒவ்வொரு பக்கமும் ஒரு பகுதி. இப்போது 23. மற்ற வீடுகள் காலியாகிவிட்டன என்று அர்த்தம் இல்லை, அங்கே துவரம்பருப்பு வாங்கிச் சமைக்கிற ஆள் இல்லை. வருகிறவர்கள் இரண்டு நாள் தங்கி, வர்க்கியும் சாக்லேட்டும் தைலமும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள். அவர்களால் ஊரில் பிழைப்பு ஓடுகிறது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் விருந்தாளியே இருந்தால் அங்கே குழாய் உடைந்தால் யார் போய்ச் சொல்வது? கோடப்பமந்து கால்வாயில் குப்பை அடைத்துக்கொண்டால் யாருக்கு நாற்றம் தெரியும்? அந்தத் தண்ணீர்தானே கடைசியில் ஏரிக்குப் போகிறது.

புது மார்க்கெட்டைப் பற்றிக் கேட்டீர்கள். நான் எதிர்க்கவில்லை. பழைய மார்க்கெட்டில் எலி, கரண்ட் ஒயர் தொங்கல், மழை வந்தால் கறிக்கடை வரிசையிலிருந்து தண்ணீர் நம் வாசலுக்கு வரும். கீரை விற்க வருகிற பெண்களுக்கு ஒரு நல்ல கழிப்பறை கிடையாது, அவர்கள் காலையில் டீ கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். அதெல்லாம் சரியாகும் என்றால் எத்தனை மாதம் வேண்டுமானாலும் கொட்டகையில் உட்காருவேன். எனக்கு வேண்டியது இரண்டே விஷயம். தரைத்தளம் காய்கறிக்கும் மளிகைக்கும் இருக்க வேண்டும், 70 வயது ஆள் பையோடு மாடி ஏற முடியாது. செவ்வாய்க்கிழமை கிராமங்களிலிருந்து ஒரு கூடை பட்டாணியோ மேரக்காயோ கொண்டு வருகிற பெண்கள் கடை எடுக்காமலே உட்கார்ந்து விற்க ஒரு திண்ணை வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அது மார்க்கெட். இல்லாவிட்டால் மழைக்கு ஒதுங்குகிற கார் பார்க்கிங்தான்.

அம்மாவைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்தச் சந்தில் நான் ஏறியே நாலைந்து வருடம் ஆகிறது, முழங்கால் விடவில்லை. அங்கே இருக்கிற யாராவது சொல்லட்டும்.


விற்றுவிட்டு வந்தவன்:

கொஞ்சம் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் மேடம். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். 2017-ல் வீட்டை விற்றுவிட்டு மேட்டுப்பாளையம் வந்தேன். என் அம்மாவை அங்கே தனியாக வைத்திருந்து பட்டபாட்டைத்தான் சொல்கிறேன்.

முதலில் குளிர். நாம் பிள்ளையாக இருந்தபோது கணப்பில் சீகை விறகு எரியும், வீட்டில் எட்டுப் பேர் இருப்போம், சுவரே சூடாக இருக்கும். ஐந்து வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் சுவர் ஈரம் குடித்திருக்கும், ஒரு ஆள் மூச்சில் அது காயாது. என் அம்மாவுக்கு அந்த ஈரத்தில்தான் நெஞ்சுச் சளி பிடித்தது. தயவுசெய்து அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்த விடாதீர்கள், அதில் உயிர் போன வீடுகள் உண்டு.

இரண்டாவது அந்தப் படிகள். 42 படி உங்களுக்கு நினைவில் இனிக்கிறது, ஆம்புலன்ஸ் கீழே ரோட்டில்தான் நிற்கும். நான்கு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினோம். மே மாதம் வேறு. சேரிங் கிராஸ் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆயிற்று அன்றைக்கு. இப்போது வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருக்கிறது, 2024 மே மாதம் ஹைகோர்ட் உத்தரவில் ஆரம்பித்தது, அப்புறம் 2025 ஏப்ரலில் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று கட்டுப்பாடும் வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் எட்டாயிரம் வண்டியும் வந்து சேர்வது அதே நாலு ரோட்டுக்குத்தானே.

ராத்திரி காட்டெருமை வேறு. முன்பு தேயிலைத் தோட்டத்துப் பக்கம் பார்ப்போம், இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது.

வீட்டை விற்ற வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அது இப்போது நாலு அறை காட்டேஜ். போன வருடம் அந்த வழியாகப் போனேன், எங்கள் பிளம்ஸ் மரத்தை வெட்டி அந்த இடத்தில் வண்டி நிறுத்த சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டு அன்றைக்கு ஏரி வரைக்கும் நடந்தே போனேன். ஆனாலும் என் யோசனை இதுதான்: அம்மாவை ஏப்ரலில் கூட்டிப்போய்க் காட்டி முடிவெடுக்காதீர்கள். ஜூலையில் ஒரு வாரம், ஜனவரியில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.


காந்தல் கால்பந்து:

அண்ணன் சொல்கிற குளிர் விஷயம் சரி. ஆஸ்பத்திரி விஷயத்தில் மட்டும் நிலைமை மாறியிருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் வீடு காந்தலில், முக்கோணம் பக்கம். அப்பா பிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். கோவைப்பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், 1960-ல் தொடங்கிய அரசு நிறுவனம், ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. இந்து என்கிற பெயரில் பிலிம் ரோலும் எக்ஸ்ரே பிலிமும் வரும், அந்தப் பெயரில்தான் இந்து நகர் என்று ஒரு ஊரே உண்டாயிற்று. தூசி இல்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால்தான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்களாம். அப்பாவுக்கு வேலை முழுக்க இருட்டறையில். வெளிச்சம் பட்டால் பிலிம் போச்சு, அதனால் எட்டு மணி நேரமும் தடவித் தடவித்தான் வேலை. எங்கள் வீட்டில் கரண்ட் போனால் நாங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே நிற்போம், அப்பா மட்டும் எழுந்து நேராக நடந்து போய், மாடத்தில் இருக்கிற தீப்பெட்டியை எடுத்து வருவார், எதிலும் இடிக்க மாட்டார். ரிட்டயர் ஆகி இத்தனை வருடம் கழித்தும் அப்படித்தான்.

அந்த ஃபேக்டரி நின்றது காந்தலுக்கும் ஃபிங்கர்போஸ்ட்டுக்கும் விழுந்த பெரிய அடி. டிஜிட்டல் வந்த பிறகு பிலிமுக்கு வேலை இல்லை, கடனும் சேர்ந்துகொண்டது, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போயிற்று. ஷிப்ட் பஸ் நின்றது, டீக்கடைகள் மூடின, குவார்ட்டர்ஸ் வீடுகளில் புதர் ஏறியது. எங்கள் கால்பந்து டீமில் பாதிப் பேர் அந்த வருடங்களில்தான் திருப்பூர், கோவை என்று போனார்கள். மழையிலும் சேற்றிலும் விளையாடி வளர்ந்த பையன்கள். சாயந்திரம் கிரவுண்டைச் சுற்றிக் குடை பிடித்துக்கொண்டு ஐந்நூறு பேர் நின்று பார்த்த ஆட்டங்கள் உண்டு.

ஆனால் பாருங்கள், அதே ஃபேக்டரிப் பகுதி நிலத்தில்தான் அரசு மருத்துவக் கல்லூரி கட்டினார்கள். 2025 ஏப்ரலில் 700 படுக்கை ஆஸ்பத்திரியும் திறந்தாகிவிட்டது. முன்பெல்லாம் கொஞ்சம் சிக்கல் என்றாலே கோவைக்குக் கொண்டுபோ என்பார்கள், மலை இறங்குவதற்குள் என்ன ஆகுமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவோம். இப்போது உங்கள் அப்பர் பஜாரிலிருந்து சில கிலோமீட்டர்தான். காந்தலிலும் ஃபிங்கர்போஸ்ட்டிலும் மாணவர்களும் நர்சுகளும் அறை தேடிக்கொண்டு நடக்கிறார்கள், மெஸ் இரண்டு புதிதாக வந்திருக்கிறது. அப்பாவை ஒருநாள் கூட்டிப்போய் வெளியிலிருந்து காட்டினேன். "எக்ஸ்ரே பிலிம் செஞ்ச இடத்துல எக்ஸ்ரே எடுக்கறாங்க" என்றார். பிலிமே இல்லாமல் கம்ப்யூட்டரில் எடுக்கிறார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

ரேஸ்கோர்ஸ் நிலத்தையும் 2024-ல் அரசு எடுத்துக்கொண்டது, 50 ஏக்கருக்கு மேல். பழைய ஏரி அந்தப் பக்கம் வரைக்கும் இருந்தது, பஸ் ஸ்டாண்டும் அப்படி ஏரியைத் தூர்த்த இடம்தான், அதனால்தான் பெருமழை வந்தால் ரயில்வே பாலத்தடியில் இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறது. அந்த இடத்தைக் கட்டடம் இல்லாமல் தண்ணீர் நிற்கிற புல்வெளியாக விட்டால் கீழ் ஊட்டி முழுக்கப் பிழைக்கும். எங்கள் பையன்களுக்கு ஓரத்தில் ஒரு கோல் போஸ்ட் கிடைத்தால் இன்னும் சந்தோஷம்.


நைட் ட்யூட்டி:

அக்கா, நான் ஊர்க்காரி இல்லை, தேனிப் பக்கம். அந்தப் புது ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். நீங்கள் எழுதியதைப் படித்ததும் இது நாங்கள் இருக்கிற சந்துக்கு அடுத்த சந்தாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. நேற்று ராத்திரி எட்டு மணிக்கு ட்யூட்டி முடிந்து வரும்போது ஏறிப் பார்த்தேன். நல்ல மழைத்தூறல். எண்ணினேன், 41 படிதான் வந்தது. மறுபடி இறங்கி எண்ணினேன், அதேதான். கீழே ரோடு போடும்போது முதல் படி உள்ளே போயிருக்க வேண்டும்.

குழாய் இருக்கிறது. தண்ணீர் வருவதில்லை. வாயில் மரக்கட்டை அடைத்து, மேலே யாரோ பெயிண்ட் டப்பாவில் ஜெரேனியம் வைத்திருக்கிறார்கள், சிவப்பு.

மேலே வரை 19 வீடு. 8 வீட்டில் விளக்கு எரிந்தது. ஐந்து வீடு காட்டேஜ், போர்டு இருக்கிறது, சீசன் இல்லாததால் இருட்டு. மீதி பூட்டு. எரிகிற எட்டில் ஒன்றில் ஒரு பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்தார், குல்லாவும் மப்ளரும் போட்டு. யாரும்மா என்று கேட்டார். இந்த மாதிரி ஒருவர் கோவையிலிருந்து கேட்டிருக்கிறார், ஐந்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு என்று சொன்னேன். உடனே உங்கள் அம்மா பெயரைச் சொன்னார், இங்கே எழுதவில்லை. "அவ வரப்போறாளா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு கை வர்க்கி எடுத்து வந்து கொடுத்தார். பக்கத்தில் இன்னும் விறகு அடுப்பில் போடுகிற பேக்கரியாம். வெளியே நொறுங்குகிறது, உள்ளே ஏடு ஏடாகப் பிரிகிறது, நான் கடையில் வாங்கினது எதுவும் இப்படி இல்லை.

தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பார்சன்ஸ் வேலி அணைத் தண்ணீர் எங்களுக்கு தினமும் வராது, வருகிற நாளில் டேங்கில் பிடித்து வைத்துக்கொள்கிறோம், போதுகிறது.

இன்னொன்று, கேட்கலாமா தெரியவில்லை. நாங்கள் மூன்று பேர் ஒரே அறையில் இருக்கிறோம். சீசன் வந்தால் ஓனர் காலி செய்யச் சொல்வார், டூரிஸ்ட்டுக்கு விட்டால் ஒரு வாரத்தில் எங்கள் ஒரு மாத வாடகை வந்துவிடும். போன மே மாதம் இரண்டு பேர் ஃபிரெண்டு வீட்டில் தரையில் படுத்தோம். உங்கள் வீட்டில் மேலே இரண்டு அறை என்று எழுதியிருந்தீர்கள். அம்மா கீழே இருந்தால் நாங்கள் மேலே இருக்கிறோம். மூன்று பேரில் ஒருத்தி எப்போதும் வீட்டில் இருப்போம், ஷிப்ட் அப்படி. பிரஷர் பார்க்க, மருந்து வாங்க, ராத்திரி ஒரு அவசரம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் பேச ஆள் இருக்கும். தப்பாக நினைக்க வேண்டாம் அக்கா, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.


செவ்வாய்க்கிழமைக் கூடை:

நான் படுகர் பெண், ஊட்டிக்குப் பக்கத்து ஹட்டிதான், எங்கள் கிராமத்தை அப்படித்தான் சொல்வோம். அந்த மளிகைக்கடை ஐயா எழுதிய திண்ணைக்காக மட்டும் நன்றி சொல்ல வந்தேன். எங்கள் அம்மா 31 வருடம் செவ்வாய்க்கிழமை தவறாமல் பட்டாணி, பூண்டு, கேரட் கொண்டுவந்து விற்றார். கேரட்டை ஓடையில் போட்டுக் காலால் மிதித்துக் கழுவி, விடியாத இருட்டில் முதல் பஸ். என் காலேஜ் பீஸ் அந்தக் கூடையிலிருந்து வந்தது. மழை வந்தால் அப்பர் பஜார் படியில் ஒதுங்குவார்களாம், அங்கே ஒரு வீட்டம்மா சூடாக வெந்நீரும் உட்காரச் சாக்கும் கொடுப்பார் என்று சொல்வார். அது உங்கள் பாட்டியா என்று எனக்குத் தெரியாது, ஆனால் குழாய்க்கு வெந்நீர் ஊற்றிய பாட்டி என்று படித்ததும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அவங்கதான் அவங்கதான்" என்கிறார். அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை.

ஹட்டியிலும் இதே கதைதான், பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்று பிள்ளைகள் பெங்களூர் போய்விட்டார்கள். எங்கள் தெய்வம் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எல்லோரும் வருகிறார்கள், நாலு நாள் எல்லா வீட்டிலும் வெளிச்சம், அப்புறம் அணைந்துவிடும். நான் டீச்சர் வேலையை ஊட்டியிலேயே வாங்கிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்கா, அம்மா வந்தால் சொல்லுங்கள், செவ்வாய்க்கிழமை இருவரையும் சேர்த்து உட்கார வைப்போம்.


படிக்கட்டு வீடு:

இரண்டு நாளாக எழுத வரவில்லை, மன்னிக்கவும். எல்லாப் பதிலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நர்ஸ் தங்கச்சி எழுதியதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். எட்டு விளக்கும் எந்தெந்த வீடு என்று விரல் விட்டு எண்ணி ஆறைச் சரியாகச் சொன்னார், மீதி இரண்டும் புதுசாம். அவரை உரித்த பாட்டி அம்மாவோடு பள்ளிக்கூடம் போனவராம். வெந்நீர் கொடுத்தது எங்கள் பாட்டிதான், சாக்கு கொடுத்தது அம்மா. அதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

விற்றுவிட்டு வந்த அண்ணாவின் யோசனைப்படி செய்யலாம் என்று இருக்கிறோம். நீங்கள் கடுமையாக எழுதவில்லை, உங்கள் அம்மாவை நினைத்து எழுதியிருக்கிறீர்கள், புரிந்தது. இந்த ஜூலை மழையிலேயே ஒரு வாரம் அம்மாவோடு நானும் வருகிறேன். கரி அடுப்பு கிடையாது. கட்டிலைக் கீழே பின்னறைக்கு மாற்றிவிடுவோம், சமையலறைச் சூடு அங்கே வரும். ஜனவரியில் இன்னொரு வாரம். தம்பியிடமும் பேசினேன். ஒரு வருடம் பார்க்கலாம் என்கிறான், அதுவே எனக்குப் பெரிது. புரோக்கருக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

நர்ஸ் தங்கச்சி, உங்களுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். வாடகையைப் பற்றி அம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னார், சீசனுக்கு உங்களைக் காலி செய்யச் சொல்லக்கூடாதாம். ஆனால் மேல் தளத்தில் நாலு பலகை உளுத்துப் போயிருக்கிறது, கூரையிலும் தகரம் இரண்டு இடத்தில் ஓட்டை. அதைச் சரி பண்ணாமல் யாரையும் ஏற்ற முடியாது. பழைய மரத்தளம் தெரிந்த ஆசாரி யாராவது இருக்கிறாரா? இங்கே கேட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டைல்ஸ் போடுங்கள் என்கிறார்கள்.


மார்க்கெட் மளிகை:

ஆசாரி இருக்கிறார் தங்கச்சி, வயதானவர், ஆனால் மரத்தை மதிக்கிற கை. வியாழக்கிழமை வந்தால் நானே கூட்டி வருகிறேன், 41 படியும் மெதுவாக ஏறிவிடுவேன்.

உளுத்த பலகையின் நீள அகலம் அளந்து போடுங்கள். என்னிடம் 11 பலகை சும்மாதானே சாய்ந்திருக்கிறது, தேக்கு, ஒரு பூச்சி தொட்டதில்லை. நாலு போதும் என்றால் 1, 2, 3, 4 எடுத்துக்கொள்ளுங்கள். 7 வேண்டாம், அது மழைக்கு ஊதும்.